மனச்சிதைவு நோயும் வீட்டார் கடனும்

சென்ற பேரவைக் கூட்டம் முடிந்து அங்கத்தினர்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், ஓர் அன்பர் எங்களை நூல் கிடங்கின் பின்புறமாக அழைத்துச் சென்றார். சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு, "உங்கள் தம்பியை எங்கே காட்டினீர்கள்?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். அவர் மஞ்சள் பயிரிடுபவர். எவரிடத்தும் கைநீட்டி அறியாத குடும்பம். அவருடைய மகளுக்கு 19 வயது. கல்லூரிக்குப் போவதை நிறுத்தி 4 மாதங்கள் ஆகின்றனவாம். இரவில் உறங்குவதில்லை, கிணற்றடியில் யாரோ தன்னைப் பற்றிப் பேசுவதாகச் சொல்லுகிறாள், தாய் சமைத்த சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுகிறாள். ஊரில் எவருக்கும் தெரியாது என்றார். எங்கள் வீட்டுக் கதை ஊரறிந்தது ஆகையால் எங்களிடம் வந்தார் போலும்!

அன்று நின்ற நிலையில் 10 நிமிஷம் சொன்னது போதவில்லை. விட்டுப்போனவற்றை இங்கே எழுதுகிறோம். நாங்கள் என்பது இச்சங்கத்தில் பங்கு வைத்துள்ள ஒரு கைத்தறிக் குடும்பத்தின் அண்ணனும் அண்ணியும். மருத்துவம் கற்றவர்கள் அல்லோம். மருத்துவர்களிடமும் செவிலியர்களிடமும் கேட்டும் படித்தும் அறிந்ததையும், பல ஆண்டுகளாகத் தவறு செய்து தெரிந்துகொண்டதையும் சேர்த்தே சொல்லுகிறோம்.

எங்கள் தம்பிக்கு நோய் கண்டது 2009ஆம் ஆண்டில். அப்போது அவனுக்கு 22 வயது. போர்வை நெய்வதில் எங்கள் தெருவிலேயே கைவேகம் மிக்கவன்; அவன் தறியில் இழை அறுவது அபூர்வம். அவ்வாண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள், பாதி நெய்த பாவை அப்படியே விட்டுவிட்டுத் தறிக்குழியிலிருந்து எழுந்து வந்தான். எதிர்வீட்டுத் தறி தன் பெயரைச் சொல்லுகிறது என்றான். நாங்கள் சிரித்தோம். மறுநாள், தெருவிலுள்ள தறிகளெல்லாம் சொல்லுகின்றன என்றான். பத்து நாட்களில், தான் மனத்தில் நினைப்பவற்றையெல்லாம் தறிகள் தெருவுக்கு அறிவித்துவிடுவதாகக் கூறிக் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு உள்ளறையில் ஒடுங்கினான். நெசவாளர் தெருவில் தறிச் சத்தம் இல்லாத நாழிகை ஏது? அந்தப் பாவு 7 மாதம் தறியிலேயே கிடந்து தூசி படிந்தது.

முதலில் கேலி செய்தோம். பிறகு கடிந்துகொண்டோம். பிறகு பயந்தோம். யாரோ செய்வினை வைத்துவிட்டதாக ஓர் உறவினர் கூறவே, மந்திரவாதி ஒருவனுக்குக் கொடுத்த பணத்தில் புதிய தறி ஒன்று வாங்கியிருக்கலாம். தெய்வ வழிபாட்டை நாங்கள் குறை கூறுவதாக எவரும் எண்ண வேண்டாம். எங்கள் தாயார் இன்றும் சனிக்கிழமை விரதம் தவறுவதில்லை. அதனால் அவருக்குக் கிடைத்த மன உறுதியை நாங்கள் கண்ணாரக் கண்டிருக்கிறோம். மருத்துவரைப் பார்க்காமல் 11 மாதம் கழித்ததுதான் பிழை. நோய் கண்டதும் எவ்வளவு விரைவில் சிகிச்சை தொடங்குகிறதோ அவ்வளவுக்குப் பிற்காலம் நன்றாக இருக்கும் என்பதைப் பின்னர் அறிந்தபோது அந்த 11 மாதம் எங்கள் நெஞ்சை அறுத்தது.

இந்நோயின் பெயரே பலரைக் குழப்பிவிடுகிறது. ஸ்கிஸோஃப்ரீனியா என்னும் பெயரை 1908ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து மருத்துவர் ஆய்கன் ப்ளாய்லர் இட்டார். தமிழில் மனச்சிதைவு என்கிறோம். சினிமாவில் காட்டுவது போல் ஒருவருக்குள் இருவர் குடியிருப்பதன்று இது. இல்லாத குரல் காதில் கேட்பது, நடவாத சதியை நடப்பதாக உறுதியாக நம்புவது, எண்ணங்கள் கோவையின்றிச் சிதறுவது, ஊக்கமும் உணர்ச்சியும் வற்றிப்போவது ஆகியவை இதன் குறிகள். பெரும்பாலும் பதின்வயதின் இறுதியிலும் இருபதுகளிலும் தொடங்குகிறது. உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி சுமார் 300 பேரில் ஒருவருக்கு இந்நோய் உண்டு. ஆயிரம் குடும்பங்களைக் கொண்ட ஒரு சங்கத்தில் பத்து வீடுகளிலேனும் இது இருக்கக்கூடும் என்பது அதன் பொருள். அத்தனை வீடுகளும் கதவைச் சாத்திக்கொண்டிருக்கின்றன. பரம்பரை இதற்கு ஒரு காரணம். அது மட்டுமே காரணமன்று. தாய் வளர்த்த வளர்ப்பினால் வருகிறது என்று ஒரு காலத்தில் மேனாட்டு மருத்துவர் சிலரே கூறிவந்தனர்; அக்கொள்கை கைவிடப்பட்டது. எங்கள் தாயாருக்கு இதனை எடுத்துச் சொன்ன நாளில் அவர் வெகுநேரம் அழுதார்.

இனி வீட்டுக்குள் நடந்துகொள்ளும் முறையைப் பற்றிச் சொல்வோம். இதில்தான் நாங்கள் மிகுதியும் தவறினோம்.

தறி பேசுகிறது என்று தம்பி சொல்லும்போதெல்லாம் தறி பேசாது என்று வாதாடினோம். ஒரு நாள் எதிர்வீட்டுக்காரரைத் தறியை நிறுத்தச் சொல்லி, "பார், இப்போது கேட்கிறதா?" என்று நிரூபிக்கப் புகுந்தோம். தாங்கள் கண்டுகொள்ளப்பட்டதை அறிந்து தறிகள் வாயை மூடிக்கொண்டன என்பது அவன் முடிவு! எதிர்வீட்டாரும் நாங்களும் கூட்டுச் சேர்ந்திருக்கிறோம் என்னும் புதிய ஐயம் அதன் பலன். வாதத்தினால் அந்நம்பிக்கை அசையாது. அசைவதாயின் அது நோயாகாது. அதற்காக, "ஆமாம், பேசத்தான் செய்கிறது" என்று ஒத்தூதவும் கூடாது. மருத்துவமனையில் ஒரு செவிலியர் எங்களுக்கு வேறு வழி காட்டினார். "உனக்குக் கேட்கிறது என்பதை நம்புகிறோம். எங்களுக்குக் கேட்கவில்லை. கேட்கும்போது உனக்குப் பயமாக இருக்கிறதா?" என்று மட்டும் கேட்கச் சொன்னார். குரலைப் பற்றிய பேச்சு அச்சத்தைப் பற்றிய பேச்சாக மாறியது. பயமாக இருக்கிறது என்று அவன் சொன்ன அன்றுதான், 2 ஆண்டுகளுக்குப் பிறகு, எங்கள் அருகில் வந்து உட்கார்ந்தான்.

அடுத்தது மருந்து. 1952ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்தில் குளோர்ப்ரோமசின் என்னும் மருந்து இந்நோய்க்குப் பயன்படுவதைக் கண்டறிந்தனர். அதற்கு முன் இருந்தவை பெரிய மதில்களும் பூட்டிய கதவுகளுமே. இன்று பலவகை மருந்துகள் உள்ளன. நாள்தோறும் மாத்திரை விழுங்க முடியாதவர்களுக்கு 2 வாரத்திற்கு அல்லது 4 வாரத்திற்கு ஒரு முறை போடும் ஊசியும் உண்டு. மற்ற மருந்துகளுக்கு அடங்காத நோய்க்குக் குளோசபின் கொடுக்கிறார்கள். அதற்குக் குறித்த காலத்தில் இரத்தப் பரிசோதனை அவசியம். மருந்தை நிறுத்துவதே நோய் திரும்புவதற்குப் பெரும் காரணம் என்று எல்லா மருத்துவரும் கூறுகின்றனர். எங்கள் தம்பியும் 2012ஆம் ஆண்டில் நிறுத்தினான். ஏன் நிறுத்தினான் என்று நாங்கள் கேட்கவே இல்லை. மருந்தினால் அவன் கை நடுங்கியது. நெசவாளனுக்குக் கை நடுங்கினால் மிஞ்சுவது என்ன? அதனை மருத்துவரிடம் சொல்லியிருந்தால் அளவைக் குறைத்தோ மருந்தை மாற்றியோ தந்திருப்பார். பின்னர் அப்படித்தான் செய்தார். நாங்களோ மாத்திரையைப் பொடித்துக் குழம்பில் கலந்தோம். ஒரு நாள் அண்ணி கலப்பதை அவன் பார்த்துவிட்டான். சோற்றில் ஏதோ கலக்கிறார்கள் என்று அவன் முன்பு சொன்னது நோயின் பேச்சு. இப்போது அது மெய்யாகிவிட்டது. அதன் பிறகு ஒரு மாதம் கடையில் வாங்கிய வாழைப்பழத்தையன்றி வேறொன்றும் அவன் உண்ணவில்லை. இத்தவற்றை எந்த வீட்டாரும் செய்ய வேண்டாமென்று கேட்டுக்கொள்ளுகிறோம்.

குரல்கள் அடங்கிய பின்புதான் நீண்ட சோதனை தொடங்கிற்று. தம்பி எழுவதே காலை 10 மணிக்கு. குளிக்கச் சொன்னால் தலையசைப்பான், குளிக்கமாட்டான். திண்ணையில் உட்கார்ந்தால் உட்கார்ந்தபடி இருப்பான். திருவிழாவிலும் முகத்தில் மலர்ச்சி இல்லை. நோய் தீர்ந்துவிட்டது, இனி இருப்பது சோம்பல் என்று நாங்கள் முடிவு கட்டினோம். ஒருவர் பாவு பிணைக்க, ஒருவர் ஊடை சுற்ற, பிள்ளைகளும் பள்ளி விட்டு வந்து கைகொடுக்கும் வீட்டில், வாலிபன் ஒருவன் சும்மா இருப்பதைக் காண எவருக்குத்தான் பொறுக்கும்? அண்ணன் ஒவ்வொரு காலையிலும் ஏதாவது சொல்லாமல் தறியில் இறங்கியதில்லை. "தண்டச்சோறு" என்னும் சொல்லையும் சொன்னதுண்டு. ஊக்கம் வற்றுவதும் அந்நோயின் ஒரு பகுதியே என்றும், குரல் கேட்பதைக் காட்டிலும் அதுவே மருந்துக்கு எளிதில் இணங்காத பகுதி என்றும் அப்போது தெரியாது.

இவ்விடத்தில் ஓர் ஆராய்ச்சியைக் குறிப்பிடுதல் பொருந்தும். லண்டன் நகரத்தில் ஜார்ஜ் பிரவுன் என்னும் சமூகவியல் அறிஞர் 1950களில் தொடங்கி, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய நோயாளிகளின் குடும்பங்களை ஆராய்ந்தார். இடைவிடாது குறை கூறுவதும், பகைமை காட்டுவதும், குழந்தையைப் போல் அளவுகடந்து பொத்திப் பொத்திக் காப்பதுமான வீடுகளுக்குத் திரும்பியவர்களுக்கு நோய் அதிகமாகத் திரும்பியது என்று கண்டார். 1980களில் சண்டிகரிலும் இத்தகைய ஆராய்ச்சி நடைபெற்றது. குத்திப் பேசும் வழக்கம் லண்டன் குடும்பங்களைவிட அங்கே குறைவாயிருந்தது. வீட்டாரால் நோய் உண்டாகிறது என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. உண்டாகிய நோயின் போக்கில் வீட்டின் பேச்சுக்குப் பங்கு உண்டு என்பதே அவர்கள் கண்டது. எங்கள் வீட்டில் அண்ணன் குறை கூறும் கட்சி. தாயார் ஊட்டிவிடும் கட்சி. இரண்டும் அவனுக்குச் சுமையென்று அறிந்தபின், காலைப் பேச்சை அண்ணன் விட்டார். சோறு ஊட்டுவதைத் தாயார் விட்டார். அவருக்கு அது எளிதாக இருக்கவில்லை.

வேலையைக் கைவிடவில்லை; அளவை மாற்றினோம். முழுப் பாவையும் அவன் தலையில் வைக்காமல், ராட்டையில் தார் சுற்றும் வேலையைக் கொடுத்தோம். முதல் வாரம் நாளொன்றுக்கு 5 தார். 5 முடிந்தால் போதும், ஆறாவது கேட்பதில்லை. சுற்றிய தாருக்குரிய கூலியை அவன் கையிலேயே கொடுத்தோம். இதில் அன்று சங்கம் செய்த ஓர் உதவியைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. அவன் நெய்யாதிருந்த காலத்தில் பெயரை அங்கத்தினர் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம் என்று நிர்வாக சபையில் ஒரு பேச்சு வந்தது. எடுக்கவில்லை. தன் பெயருக்கு வந்த பேரவை அறிவிப்பை அவன் மடித்துச் சட்டைப்பையில் ஒரு வாரம் வைத்திருந்தான். கூட்டத்துக்கு வரவில்லை, ஆனால் அறிவிப்பை வைத்திருந்தான்.

கலியாணம் செய்து வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லாத உறவினர் இல்லை. பெண்ணும் பார்த்து வந்தார்கள். ஏழைப் பெண், தாய் தந்தையர் இல்லாதவள். நோயை மறைத்து ஒரு பெண்ணை வீட்டுக்குக் கொண்டுவருவது அவளுக்குச் செய்யும் துரோகம் என்று அண்ணி ஒரே பேச்சாக மறுத்துவிட்டார். அதனால் 2 வீடுகளில் எங்களோடு பேச்சுவார்த்தை நின்றது. இந்நோயுள்ளவர்கள் மணம் புரியலாகாது என்று நாங்கள் சொல்லவில்லை. மருந்தும் மனமும் நிலைப்பட்டவர்கள், நோயை மறைக்காது சொல்லி, மணந்து நன்றாக வாழ்கிறார்கள். கலியாணத்தை மருந்தாக எண்ணுவதையே மறுக்கிறோம். பெண்பிள்ளைகளுக்கு இந்நோய் வந்த வீடுகளில் இவ்வவசரம் இன்னும் அதிகம்; மணமான பின் நோய் தெரியவரும்போது தாய்வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்படுகிறவள் அவள்தான். மஞ்சள் தோட்டத்து அன்பர் இதனை மட்டுமாவது மனத்தில் கொள்ள வேண்டும்.

2012ஆம் ஆண்டில் நோய் திரும்பியபோது ஓர் உறவினர் மாட்டுச் சங்கிலி கொண்டுவந்து கொடுத்தார். சங்கிலியை வாங்கவில்லை, ஆனால் ஓர் இரவு நாங்களும் அவனை அறையில் வைத்துப் பூட்டினோம். 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகக் கொட்டகை தீப்பற்றியதில் 28 பேர் மாண்டதை நாடறியும். நோயாளிகளைச் சங்கிலியால் பிணைத்திருந்தமையால் அவர்களால் ஓட முடியவில்லை. 2018ஆம் ஆண்டு மே மாதம் முதல் நடைமுறையிலுள்ள 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், சங்கிலியால் பிணைப்பதை அறவே தடை செய்திருக்கிறது. தன் சிகிச்சை எவ்வாறு இருக்க வேண்டுமென்று, நலமாயுள்ள காலத்திலேயே எழுதி வைக்கவும், தன் சார்பில் பேச ஒருவரைக் குறிப்பிடவும் நோயாளிக்கு அச்சட்டம் உரிமை தருகிறது. தம்பி அண்ணியின் பெயரைக் குறித்திருக்கிறான். குழம்பில் மருந்து கலந்தவரையே குறித்தானே என்று நாங்கள் இன்றும் வியப்பதுண்டு.

நம் நாட்டு மருத்துவர்கள் குடும்பத்தைப் புறத்தே நிறுத்தாமல் உள்ளே அழைத்த வரலாறு பழமையானது. 1950களில் அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் உறவினர்கள் தங்கும்படி வளாகத்திலேயே கூடாரங்கள் அமைத்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல நிலையத்தில் 1957 முதலாகவே வீட்டார் உடன் தங்கிச் சிகிச்சை பெறும் முறை உண்டு. சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநோய் மருத்துவமனையின் கண்காணிப்பாளராயிருந்த டாக்டர் சாரதா மேனன், 1984ஆம் ஆண்டில் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனமாகிய ஸ்கார்ஃபைத் தொடங்கினார். ஆயினும் நம்மவர் முதலில் போக வேண்டியது தொலைதூரத்துக்கு அன்று. மாவட்ட அரசு தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. அங்கே மருந்துக்குக் கட்டணமில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் இடம்பெற்றுள்ளது. ஊனம் 40 சதவீதத்துக்குக் குறையாதிருப்பின் சான்றிதழ் பெற்று அரசு உதவிகளுக்கு விண்ணப்பிக்கலாம். சான்றிதழ் வாங்கினால் ஊருக்குத் தெரிந்துவிடுமே என்று நாங்கள் 3 ஆண்டுகள் தாமதித்தோம். தெரியாதவர் யார் இருந்தார்கள் என்று இப்போது சிரிப்பு வருகிறது.

பயிர் செய்யும் அங்கத்தினர்களுக்கு ஒரு வார்த்தை. இந்நோயுள்ளவர்கள் பிறரைத் தாக்குவார்கள் என்று ஊர் அஞ்சுகிறது. மிகப் பெரும்பாலோர் எவரையும் தாக்குவதில்லை. அவர்கள் தம்மையே மாய்த்துக்கொள்ளும் அபாயம்தான் மற்றவர்களைவிடப் பன்மடங்கு அதிகம். ஆகையால் பூச்சி மருந்து டப்பா திண்ணையிலோ மோட்டார் அறையிலோ கிடக்கக்கூடாது. பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும். சாகத் தோன்றுகிறதா என்று நேரே கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாக உண்டாகாது, கேளுங்கள். அரசின் டெலி மானஸ் தொலைபேசி எண் 14416. கட்டணமின்றி இரவும் பகலும் தமிழில் பேசலாம். நள்ளிரவில் நாங்கள் ஒரு முறை பேசியிருக்கிறோம். மறுபுறத்தில் ஒரு பெண் பொறுமையாக 40 நிமிஷம் பேசினார். அவர் பெயரைக் கேட்க மறந்துவிட்டோம்.

நோய் திரும்புமுன் சில அறிகுறிகள் தோன்றும். ஒவ்வொருவருக்கும் அது ஒவ்வொரு விதம். எங்கள் தம்பிக்கு முதலில் கெடுவது உறக்கம். அடுத்துக் காதில் பஞ்சு. இவற்றை ஒரு பழைய கணக்குப் புத்தகத்தில் அவனும் நாங்களும் சேர்ந்தே எழுதி வைத்திருக்கிறோம். இரண்டு இரவு உறங்காவிட்டால் மூன்றாம் நாள் மருத்துவரிடம் போவது என்பது அவன் ஒப்புக்கொண்ட ஏற்பாடு. 2016க்குப் பிறகு அவனை மருத்துவமனையில் சேர்க்கும்படி நேரவில்லை. இதனை எல்லா வீட்டுக்கும் உறுதியாகச் சொல்ல மாட்டோம். சிலர் முழுதும் தேறுகிறார்கள்; சிலருக்கு ஏறியும் இறங்கியும் போகிறது; சிலர் நெடுங்காலம் துணை வேண்டியவராகவே இருக்கிறார்கள்.

பார்த்துக்கொள்ளுகிறவர்களும் மனிதர்களே. எங்கள் தாயாருக்கு இரத்த அழுத்தம் ஏறியதை 2 ஆண்டுகள் எவரும் கவனிக்கவில்லை; வீட்டிலிருந்த நோயாளி ஒருவனே என்று எண்ணியிருந்தோம். இப்போது மாதத்தில் ஒரு நாள் அண்ணி தாய்வீடு போய்விடுகிறார். அன்று சமையல் அண்ணனும் தம்பியும். சமையலைப் பற்றி இங்கே எழுதாமலிருப்பது நலம்.

மஞ்சள் தோட்டத்து அன்பர் சென்ற வாரம் மகளை மாவட்ட மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று வந்தார். அவள் வரமாட்டேன் என்று 2 நாள் மறுத்தாளாம். நோய்க்காக வேண்டாம், உறக்கம் வருவதற்காகப் போகலாம் என்று சொன்னபின் புறப்பட்டாளாம். உறங்காமல் அவளும் களைத்துத்தான் போயிருந்தாள்.

எங்கள் தம்பி நாற்பதை நெருங்குகிறான். எங்கள் தறிகளுக்கும் பக்கத்து வீட்டுத் தறிகளுக்கும் அவனே தார் சுற்றுகிறான். கூலி அவன் கணக்கில் சேருகிறது. தறிகள் முழுதும் ஓய்ந்துவிடவில்லை. சில நாட்களில் வந்து, "அண்ணி, இன்றைக்குக் கொஞ்சம் அதிகமாகப் பேசுகிறது" என்பான். ராட்டையைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறத்துக்குப் போய்விடுவான். வேப்பமரத்தடியில் அவனுக்கென்று ஒரு பலகை போட்டிருக்கிறோம். அப்படிப்பட்ட நாளில் அவனிடம் தார் கேட்பதில்லை. முன்னாட்களில் சுற்றியதில் ஒரு கூடை எப்போதும் இருப்பில் இருக்கிறது. அதைக்கொண்டு மாலைவரை நெய்கிறோம்.